கடைசி எடுப்பு

எங்கள் வகையறாவில் குறை இல்லை என்று காட்டத்தான் நான் ரத்தம் கொடுத்தேன். ஊரில் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள். பெரிய மனசு என்கிறார்கள் சிலர். மகள் கட்டாயப்படுத்தினாள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை.

என் பெயர் காசிராஜன். போடியில் ஏலக்காய் வியாபாரம், அப்பா வைத்த கடை. போடிமெட்டுக்கு மேலே தோட்டமும், காய் உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் புஷ்பலதாவை என் மனைவி செல்லக்கிளியின் கடைசித் தம்பி சூர்யபிரகாஷுக்கே கட்டிக்கொடுத்தேன். பெண்ணைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்களில் வழக்கம். அவர்களுக்கு ஒரே பையன், ஆதித்தன்.

ஆதித்தன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். கையைக் கடிப்பான். கடித்துக் கடித்து கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்த்துப்போயிருக்கிறது. கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பித் திருப்பிச் சொல்வான். பஸ் நிலையத்தில் ஜீப்புக்காரன் மலையடிவாரத்து ஊருக்கு ‘முந்தல், முந்தல்’ என்று ஆள் கூப்பிட்டால் அன்று சாயங்காலம் வரை வீட்டில் முந்தல்தான்.

பையன் சிறியவனாக இருந்தபோது மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். சொந்தத்தில் கட்டியதா என்று கேட்டார். ஆமாம் என்றோம். தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் போதுமாக இருந்தது. அடுத்து வந்த ஒரு காதுகுத்து வீட்டில் யாரோ கேட்டபோது, “அது செல்லக்கிளி வீட்டு ரத்தம். ரெண்டு தடவ உள்ள வந்துருச்சு. எங்க வகையறாவுல பாருங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு குறை உண்டா?” என்றேன். செல்லக்கிளி பக்கத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி இலை வரை போட்டு முடித்தாள்.

அதன்பிறகு சூர்யபிரகாஷைக் குடும்பத்தோடு மலைக்கு அனுப்பினேன். தோட்டத்தையும் ஸ்டோரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பையன் ஊர்க்கண்ணில் படாமலும் இருப்பான்.

இளையவள் அனுப்பிரியா விஷயத்தில் நான் தெளிவாக இருந்தேன். கேட்டு வந்த சொந்தக்காரர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். ரத்தக் கலப்பே இல்லாத இடமாக ராசிங்காபுரம் பாண்டியராஜனின் மகனைப் பார்த்தேன். பாண்டியராஜன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையில் கொஞ்சம் ஏலச்செடி போட்டிருக்கிறார், காய் ஏலம் விடும் மையத்துக்கு வருவார், அப்படித்தான் பழக்கம். மகனுக்கு ஐதராபாத்தில் வேலை. அனுவும் அங்கேதான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். யாராவது கேட்டால் லேபில் வேலை என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

பூ வைக்க நாள் குறித்தோம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டைப் பெண்ணின் தாய்மாமன்தான் முதலில் கைநீட்டி வாங்க வேண்டும். அவன் கை படாமல் பெண் தலையில் பூ ஏறாது. அனுவுக்குத் தாய்மாமன் சூர்யபிரகாஷ். அவன் வந்தால் பையனும் வருவான். ஆகவே அவர்கள் மூவரும் அன்று மலையிலேயே இருக்கட்டும், செல்லக்கிளியின் பெரியப்பா மகன் ஒருவரை நிற்க வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். செல்லக்கிளியிடம் சொன்னேன். “சரி” என்றாள்.

விடுப்பில் வந்திருந்த அனு ஒருநாள் மதியம் கடைக்கு வந்தாள். பின்கட்டில் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சாம்பிள் பையைக் கிழித்துத் தட்டில் கொட்டி ஏந்திப் பார்த்தேன். காய்கள் தட்டில் துள்ளின.

“எப்ப இருந்துப்பா கை இப்படி ஆடுது?”

“வயசு.”

“நடக்கும்போது செவுத்தப் பிடிச்சுக்கிட்டே போறீங்க.”

“தரை வழுக்குது.”

“சொரசொரன்னு இருக்கிற சிமெண்டுத் தரைப்பா இது.”

நான் தட்டைக் கீழே வைத்தேன். கை ஆடத் தொடங்கி நாளாகிறது. ஏல மையத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினால் விலை ஏறும். என் விரல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்திவிடும். எனக்கு வேண்டாத சரக்கு லாட்டெல்லாம் என் பெயரில் விழும். காசிராஜன் துணிச்சலாக வாங்குகிறார் என்று மற்ற வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அனு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஆதித்தனுக்கு என்னன்னு தெரிஞ்சுருச்சுப்பா. அக்கா பொங்கலுக்கே அவன் ரத்தத்தையும் தன்னுதையும் குடுத்து விட்டுச்சு.”

“அதான் தெரியுமே. சொந்தத்துல கட்டுனது.”

“இல்ல. நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியும்ல, அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற மொத்தச் சேதியையும் ஒரு நகல் எடுக்கணும். ஒரே மூச்சுல எடுக்காது. நம்ம தோட்டத்துல காயெடுக்கிற மாதிரிதான். மொத எடுப்புல ஒரு எடம், அடுத்த எடுப்புல ஒரு எடம்.”

“எது மொத எடுப்பு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேள்வி கேட்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“இளகித் திறந்து கெடக்கிற எடம் மொதல்ல. இறுக்கிச் சுருட்டி வச்சிருக்கிற எடம் கடைசில. கரு வளர வளர இந்த வரிசை மாறும். மூளைக்குப் போற செல்லுக்கு ஒரு வரிசை, ஈரலுக்குப் போற செல்லுக்கு வேற வரிசை. எது எப்ப தெறக்குது, எப்ப மூடுதுங்கறதத்தான் நான் அங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க லேப் வேலைன்னு சொல்றீங்கல்ல, அது இதுதான்.”

“ஆதித்தனுக்கு என்ன?”

“ஒரு எடத்துல மூணே எழுத்து, திரும்பத் திரும்ப வருது. எல்லாருக்கும் கொஞ்சம் வரும். அவனுக்கு எக்கச்சக்கமா நீண்டுபோச்சு. நீண்டதும் அந்த எடத்தையே உடம்பு சுருட்டி மூடிருச்சு. மத்தவங்களுக்கு முன்னாடி நகலெடுக்கிற எடம், அவனுக்குக் கடைசி எடுப்புக்குப் போயிருச்சு. அங்க இருக்கிற சேதியப் படிக்க முடியல. மூளைக்கு அது வேணும்.”

“பொறக்கும்போதே மூடித்தான் இருந்ததா?”

“கருவுல மொத ரெண்டு மாசம் போலத் தெறந்துதான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் மூடிருச்சு.”

பின்கட்டில் யாரோ சிரித்தார்கள். சல்லடை ஆட்டும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. திறந்து இருந்தது, பிறகு மூடியது என்பதை நான் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தெறக்க முடியாதா?”

“இன்னும் முடியலப்பா.” முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். “ஆம்பளப் பிள்ளைக்கு இது அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும். சூர்யா மாமாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சொந்தத்துல கட்டுனதுக்கும் சம்பந்தம் இல்ல. அக்காவ எந்த ஊர்ல குடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

“அப்பப் பொம்பள வழி. உங்கம்மா குடுத்தது புஷ்பாவுக்கு, புஷ்பா குடுத்தது பையனுக்கு. நான் சொன்னதுல என்ன தப்பு? தம்பியா இருந்தா என்ன, அக்காவா இருந்தா என்ன, அந்த வீட்டு ரத்தம்தான?”

“பொம்பளப் பிள்ளைக்கு ரெண்டு பக்கமிருந்தும் வரும்ப்பா. நீங்களும் அம்மாவும் ரத்தம் குடுத்தாத் தெரிஞ்சுரும்.”

“எடுத்துக்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் அனு செல்லக்கிளியிடம் விஷயத்தைச் சொன்னாள். செல்லக்கிளி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு முந்தானையை ஒதுக்கி முழங்கையை நீட்டினாள். அப்போதே எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டாள். “இப்ப இல்லம்மா, நாளைக்குக் கடைத்தெரு லேபுல” என்று அனு அந்தக் கையை மடக்கிவிட்டாள்.

லேபில் ரத்தம் எடுக்கும் பெண்ணின் பெயர் ரோஜா. வாய் ஓயாது. “அய்யா, கைய ஆட்டாதீங்க” என்றாள்.

“நான் ஆட்டல.”

“அப்ப நாந்தான் ஆட்டுறனாக்கும். ஊசியக் கண்டா பயமா? அம்மாவப் பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்காக.”

செல்லக்கிளி எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தை ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அனுவும் அந்த வாரமே போய்விட்டாள்.

அடுத்த ஏலத்தன்று மையத்துக்கு வெளியே டீக்கடையில் பாண்டியராஜனைப் பார்த்தேன். நாலைந்து வியாபாரிகள் கூட இருந்தார்கள். நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

“சம்பந்தி, என் ரத்தத்த ஐதராபாத்துக்கு அனுப்பியிருக்கேன். மூத்தவ பையனுக்கு இருக்கிறது எந்த வழியில வந்ததுன்னு கையில பிடிச்சுத் தந்துருவாக. எங்க வகையறா சுத்தம்னு உங்களுக்கும் தெரியணும்ல?”

பாண்டியராஜன் சிரித்தார். “நீங்க என்ன, ஏலக்காய்க்கா சாம்பிள் எடுக்கறீக? நான் கேட்டனா?”

“நீங்க கேக்கல. நான் சொல்றேன். முடிவு வந்ததும் நானே ராசிங்காபுரம் வந்து என் வாயால சொல்றேன். இது காசிராஜன் வாக்கு.”

“வாங்க, வாங்க. வந்தாச் சாப்பிட்டுத்தான் போகணும்.”

கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் நிமிர்ந்து உள்ளே போனேன்.

பூ வைக்கும் வாரம் அனு மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். பையை வீட்டில் வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். முடிவை அவள் போனில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மாவுக்கு இல்ல.”

நான் காத்திருந்தேன்.

“உங்களுக்கு இருக்குப்பா.”

எனக்கு எதிரே சாம்பிள் பைகள் இருந்தன. அடுத்த பையைக் கிழித்துத் தட்டில் கொட்டினேன். நல்ல காய். பச்சை குறையவில்லை. ஒன்றை உரித்து உள்ளே அரியை, விதையைப் பார்த்தேன். கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. வாயில் போட்டுக் கடித்தேன். உறைப்பு தெரிந்தது.

“எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்” என்றேன்.

“உங்களுக்கு நடுத்தரமா நீண்டிருக்கு. அதனால மூடல. மூடாம, அளவுக்கு மேல தெறந்து கெடக்கு. சேதியத் தேவைக்கு மேல படிச்சுக்கிட்டே இருக்கு. வயசானவங்களுக்கு அதுல கை ஆடும், நடை தள்ளாடும். உங்ககிட்டருந்து அக்காவுக்கு வரும்போது பெருசா மாறல. அக்காகிட்டருந்து பையனுக்குப் போகும்போதுதான் நீண்டுபோச்சு.”

நான் தட்டைப் பிடித்திருந்தேன். காய்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தோம்.

“அப்ப உனக்கு?”

“இருக்கு. உங்களுக்கு இருந்தா நீங்க பெத்த பொம்பளப் பிள்ள எல்லாத்துக்கும் இருக்கும். தப்பாது. அக்காவுக்குப் பாக்கும்போதே என்னுதையும் பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டா பூ வைக்கச் சம்மதிச்ச?”

“அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் சம்மதிச்சேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் வந்து, கொழந்த விஷயம் டாக்டரப் பாத்துப் பேசிக்கலாம்னாரு. அவங்கப்பாகிட்டயும் சொல்றேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். டீக்கடையில வச்சு வாக்குக் குடுத்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

“கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“சாம்பிள் ஒண்ணு மூட்டை ஒண்ணுன்னு யாராச்சும் கொண்டாந்தா என்னப்பா செய்வீங்க?”

“நீ ஏலக்காய் இல்ல ஆத்தா.”

“அத இந்தக் கடையில இப்பத்தான் கேக்குறேன்” என்று எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. வெயில் எதிரே அடித்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அன்று மதியம் வழக்கம்போல ஏலத்துக்குப் போனேன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். சாம்பிள் பைகள் வந்தன, கிழித்தேன், பார்த்தேன், பார்த்த காயைக் கீழே கொட்டினேன். எல்லோரும் கொட்டுவார்கள், ஏலம் முடியும்போது காலடியெல்லாம் காயாகக் கிடக்கும். திரையில் எண்கள் ஓடின. பட்டனை அழுத்தினேன். கால் மரத்துப்போனால் நடக்கத்தான் நடக்கும், தரை மட்டும் தெரியாது. அப்படி இருந்தது. துக்கமோ கோபமோ வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன்.

வீட்டில் செல்லக்கிளி சோறு போட்டாள். அவளுக்கு அனு சொல்லியிருக்க வேண்டும். காதுகுத்து வீட்டுப் பேச்சை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. ரசம் ஊற்றும்போது, “சூர்யாவக் கூப்பிடணும்” என்றாள். நான் ரசத்தைச் சோற்றோடு பிசைந்தேன். அவள் மோர் எடுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் ராசிங்காபுரம் போனேன். பாண்டியராஜன் வாசலில் மோட்டார் ரூமைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க சம்பந்தி. முடிவு வந்துருச்சாக்கும்?”

“வந்துருச்சு. என் வழிதான்.”

அவர் நின்றார். பிறகு உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். அனு சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவளுக்கும் இருக்கிறது என்பதையும் சொன்னேன். தலைமையாசிரியர் இல்லையா, குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எம்மகனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்டச் சொல்லல பாருங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சம்பந்தி, எனக்கு ஆட்சேபண இல்ல. இனி நான் வேணாம்னாலும் அவன் கேக்கப் போறதில்ல. ஆனா எங்க சித்தப்பா இருக்காக, பங்காளிக இருக்காக. அவுகளுக்கு இது புரியாது. ஒண்ணு செய்யலாம். உங்க மச்சினன் வழின்னு ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். பூ வைக்கிற அன்னிக்கு மச்சினனும் அந்தப் பையனும் கண்ணுல படாம இருந்தாப் போதும். உங்க பேருக்கும் பங்கம் இல்ல, நம்ம சோலியும் வெரசா முடிஞ்சுரும்.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானே அதைத்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். காபி வந்தது. டம்ளரைத் தூக்கினால் சிந்தும் என்று தூக்கவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தேன். சாப்பிட்டுத்தான் போகணும் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை.

போடிக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். யோசனை என்று சொன்னால் அது பொய். ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. இதுவரை நான் நிமிர்ந்து நடந்தது என் காலில் என்று நினைத்திருந்தேன். இனி நடந்தால் மச்சினன் தயவில் நடக்க வேண்டும். அவன் மலையில் வாயை மூடிக்கொண்டு இருக்கும் வரை எனக்குப் பேர். அப்படி ஒரு பேரை என் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்களை இறக்கிவிட்டு மேலே திரும்பும் ஜீப்பு ஒன்றில் முன்சீட்டில் ஏறினேன். முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் டிரைவர், “என்னய்யா, உங்க வண்டி எங்க?” என்றான். “கீழ” என்றேன். அவன் கியரை மாற்றினான்.

ஸ்டோரில் புகைக்கூண்டில் புகை வந்துகொண்டிருந்தது. பச்சைக்காய் லோடு அப்போதுதான் வந்திருந்தது. சூர்யபிரகாஷ் கணக்காக ஆட்களை விட்டு இறக்கிக்கொண்டிருந்தான். ஆதித்தன் சாக்குமேல் உட்கார்ந்து காய்களை ஒவ்வொன்றாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மலையாளத்துக்காரப் பெண், “மோனே, நீங்கி இரி” என்று சாக்கை இழுத்தாள். “நீங்கி இரி, நீங்கி இரி” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தான்.

புஷ்பலதா வாசலில் நின்றாள். “மேல வர்ற ரோடு இப்பத்தான் போட்டாங்களாப்பா?”

“அனு சொன்னாளா?”

“நேத்தே சொல்லிட்டா. நீங்க வர்றீங்களா இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தோம். நான் வரமாட்டீகன்னேன். இவுக வருவாகன்னாக.”

சூர்யபிரகாஷ் கை கழுவிவிட்டு வந்தான். சின்ன வயசில் என்னை மச்சான், மச்சான் என்று தோளில் தொங்கியவன். காதுகுத்து வீட்டுக்குப் பிறகு மாமா என்றுதான் கூப்பிடுகிறான். கட்டிய முறைக்கு அதுதான் சரி, ஆனாலும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

“பூ வைக்கிறப்ப நீ வந்து தட்டு வாங்கணும்” என்றேன்.

“அதுக்கு வேற ஆள் சொல்லியாச்சுன்னாகளே மாமா.”

“அவர வேணாம்னுட்டேன்.” சொல்லவில்லைதான். கீழே போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

அவன் புகைக்கூண்டைப் பார்த்தான். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. எனக்கு வரவில்லை.

“வர்றேன்” என்றான். “பையனும் வருவான். போன தடவ கீழ வந்தப்ப செஞ்ச மாதிரி அவன ரூம்ல விட்டுக் கதவச் சாத்தக்கூடாது. சத்தம் போடுவான்.”

“போடட்டும்.”

“போடட்டும்” என்றான் ஆதித்தன், சாக்கின் மேலிருந்து. “போடட்டும், போடட்டும்.”

கீழே வந்ததும் பாண்டியராஜனுக்குப் போன் செய்து, தாய்மாமனாகச் சூர்யபிரகாஷ்தான் நிற்பான் என்றேன். “ஊர் கேக்கும் சம்பந்தி” என்றார். “கேட்டாச் சொல்றேன்” என்றேன். “நான் வர்றேன். யார் யாரு வருவாகன்னு சொல்ல முடியாது” என்று வைத்துவிட்டார்.

எல்லோரும் வந்தார்கள். எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, அவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தோம். அனு உள்ளறையில் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆதித்தன் புதுச்சட்டை போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். ராசிங்காபுரத்துப் பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்லக்கிளி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தட்டுகளை வைத்தார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், சேலை, பந்துபந்தாக மல்லிகை. பாண்டியராஜனின் சித்தப்பா சின்ராசு என்பவர் கம்பை ஊன்றி, “தாய்மாமன் யாருப்பா? முன்னால வரச் சொல்லுங்க” என்றார்.

சூர்யபிரகாஷ் எழுந்து வந்தான்.

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். “நீதான அந்தப் பையனுக்குத் தகப்பன்? உங்க வீட்டு ரத்தம்னுல சொன்னாக? அந்தக் கையால வாங்கணுமாக்கும் எங்க தட்ட? வேற ஆளே இல்லையாப்பா இந்த வீட்டுல?”

சூர்யபிரகாஷ் நீட்டிய கையை மடக்கவும் இல்லை, மேலே நீட்டவும் இல்லை. பாண்டியராஜன் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளறை வாசலில் அனு வந்து நிற்பது தெரிந்தது. சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ இல்லை.

நான் எழுந்தேன். சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். தட்டுகளில் பெரியதைக் குனிந்து எடுத்தேன். அது மாப்பிள்ளை வீட்டுத் தட்டு, நான் தொடக்கூடாது, எனக்குத் தெரியும். தேங்காய் தட்டில் உருண்டு இடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் வேறு சத்தம் இல்லாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

“பாத்துக்கங்க” என்றேன். “இந்தக் கை ஆடுறது வயசால இல்ல. அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதும் இதுவும் ஒண்ணு. சூர்யபிரகாஷுக்கு இதுல சம்பந்தம் இல்ல, எம் பொஞ்சாதிக்கும் இல்ல. ரத்தம் குடுத்துப் பாத்தாச்சு. அது என் ரத்தத்துல வந்தது.”

பாண்டியராஜன் தலையை நிமிர்த்தினார்.

ஜன்னல் பக்கமிருந்து ஆதித்தன், “என் ரத்தத்துல வந்தது” என்றான்.

செல்லக்கிளி அவன் வாயைப் பொத்தவில்லை. புஷ்பலதாவும் எழுந்திருக்கவில்லை.

“என் ரத்தத்துல வந்தது. என் ரத்தத்துல வந்தது.”

அவன் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. நான் சொன்னபடியே, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னான். சின்ராசு எழுந்தார். கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் சிலர் போனார்கள். அவர்கள் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. பாண்டியராஜன் போகவில்லை. அவர் மனைவி அவரைப் பார்த்தாள், அவர் உட்கார்ந்தே இருந்ததால் அவளும் இருந்தாள். அவர் எழுந்து வந்து, நான் பிடித்திருந்த தட்டை என் கையிலிருந்து வாங்கி, சூர்யபிரகாஷிடம் நீட்டினார். அவன் வாங்கினான். அவ்வளவுதான்.

பூ வைத்தார்கள். அனு என் காலில் விழுந்தாள், திருநீறு பூசினேன். பாதி அவள் கண்ணில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பந்தியில் பாதி இலை ஆளில்லாமல் கிடந்தது. அவற்றையும் செல்லக்கிளிதான் போட்டிருந்தாள். போட்டபடியே ஒவ்வொன்றாக மடித்து எடுத்தாள்.

மதியத்துக்கு மேல் வேன்கள் புறப்பட்டன. நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். நிமிர்ந்துதான் நின்றேன். சூர்யபிரகாஷ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். புஷ்பலதா ஏறினாள், ஆதித்தன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவன் யாரையும் பார்ப்பதில்லை. தெருவில் எதிர்வீட்டார், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

“என் ரத்தத்துல வந்தது” என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்குப் போய்ச் சேரும் வரை சொல்வான். ஜீப்பு தெருமுனையில் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போனேன். மறுநாள் ஏலம் இருந்தது.